பெருங்குடல் புற்றுநோய்: மூலவியாதி என்று எண்ணி மௌனம் காக்கலாகாது

நெஞ்சில் நோவு ஏற்பட்டால் அயலவரைக் கூவி அழைக்கின்றோம். காய்ச்சல் மூன்று நாட்கள் நீடித்தால் டெங்குவாக இருக்குமோ என அஞ்சி இரத்தப் பரிசோதனைக்கு விரைகின்றோம். ஆனால், மலத்துடன் இரத்தம் போகின்றது என்பதை மாத்திரம் எம்மில் பலர் மாதக்கணக்கில் எவரிடமும் சொல்வதில்லை. கணவன் மனைவியிடமும் தாய் மகளிடமும் மறைக்கின்ற விடயமாக அது இருந்து வருகின்றது. கேட்டால், "இது மூலவியாதிதான், உறைப்பைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். இந்தக் கூச்சமும் இந்த ஊகமும் ஒன்றுசேர்ந்தே, குணப்படுத்தக்கூடிய ஒரு நோயை உயிர்கொல்லி நோயாக மாற்றிவிடுகின்றன.

சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் 19 இலட்சத்துக்கும் அதிகமானோரிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்நோயால் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் மரணமடைந்தனர். புற்றுநோய் மரணங்களில் சுவாசப்பை புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது இதுவேயாகும். இலங்கையிலும் ஆண், பெண் இருபாலாரிடமும் அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இது இடம்பெற்றுள்ளது. எனவே இது மேலைநாட்டவரின் நோய், பணக்காரரின் நோய் என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

அவகாசம் தருகின்ற நோய்

பெருங்குடல் என்பது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமான குழாய். அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை முளைகள் தோன்றுகின்றன. இவற்றை வைத்தியர்கள் பொலிப் என அழைப்பர். பெரும்பாலான பொலிப்புகள் எவ்விதத் தீங்கும் செய்வதில்லை. அவற்றுள் ஒரு சிறு பகுதியே படிப்படியாக மாற்றமடைந்து புற்றுநோயாகின்றது. இம்மாற்றத்துக்குப் பொதுவாக பத்து ஆண்டுகள் வரை செல்லலாம்.

இந்நோயின் தனித்தன்மை இதுவே. வேறு பல புற்றுநோய்களை அவை தோன்றிய பின்னரே கண்டுபிடிக்க முடிகின்றது. பெருங்குடலிலோ, புற்றுநோய் தோன்றுவதற்கு முன்னரே அதன் வித்தைக் கண்டு அகற்றிவிட முடியும். புற்றுநோய் ஏற்பட்ட பின்னரும், அது குடற்சுவருக்குள் அடங்கியிருக்கும் முதற்கட்டத்தில் கண்டறியப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்கின்றனர். ஈரலுக்கோ சுவாசப்பைக்கோ பரவிய பின்னர் கண்டறியப்பட்டால், பத்தில் ஒருவர் அல்லது இருவரே அந்த ஐந்து ஆண்டுகளைக் கடக்கின்றனர். நோய் ஒன்றுதான், கண்டறியப்பட்ட காலமே வேறு.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரொனால்ட் றீகனுக்கு 1985 ஆம் ஆண்டு ஜூலை மாதம், தமது 74 ஆவது வயதில் கொலனொஸ்கொபி பரிசோதனை செய்யப்பட்டது. அதன்போது பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் பெரியதொரு கட்டி காணப்பட்டது. மறுநாளே சத்திரசிகிச்சை மூலம் அது அகற்றப்பட்டது. அதில் புற்றுநோய்க் கலங்கள் இருந்தமை பின்னர் உறுதியானது. எனினும் அவர் மேலும் ஏறத்தாழ 19 ஆண்டுகள் வாழ்ந்து, 2004 ஆம் ஆண்டு தமது 93 ஆவது வயதிலேயே காலமானார். மறுபுறத்தில், 'பிளாக் பாந்தர்' திரைப்படத்தின் மூலம் உலகறிந்த நடிகர் சட்விக் போஸ்மனுக்கு 2016 ஆம் ஆண்டில் நோய் கண்டறியப்பட்டபோது அது மூன்றாம் கட்டத்தை அடைந்திருந்தது. 2020 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், தமது 43 ஆவது வயதில் அவர் உயிர்நீத்தார். இது முதியவர்களின் நோய் மாத்திரமல்ல என்பதையும் அவரது மரணம் உணர்த்தியது.

பரந்தன் போன்ற ஊர்களின் நிலை

ஏ-9 வீதியும் முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியும் சந்திக்கும் இடம் பரந்தன். இவ்வூரவரின் கடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, இங்கு நோயை முன்கூட்டியே கண்டறிதல் ஏன் கடினமாயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. 2002 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏ-9 வீதி திறக்கப்படும் வரையில், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சென்று நிபுணர் ஒருவரைக் காண்பது பெரும்பாலானோருக்கு எட்டாத காரியமாக இருந்தது. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முகமாலையில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊரே இடம்பெயர்ந்த நிலையில் இருந்தது. அந்த மக்களின் மனதில் அன்று இருந்ததெல்லாம் அன்றைய நாளைக் கடப்பது எப்படி என்ற எண்ணமேயன்றி, பத்து ஆண்டுகளின் பின்னர் வரக்கூடிய நோய் பற்றிய எண்ணமன்று.

அன்று 30 வயதில் இருந்தவர்கள் 2024 ஆம் ஆண்டில் 45 வயதை எட்டிவிட்டனர். அறிகுறி எதுவும் இல்லாதவர்களும் பெருங்குடல் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயதாக, அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021 ஆம் ஆண்டில் சிபாரிசு செய்தது அதே 45 வயதைத்தான். ஷெல்லிலிருந்தும் பசியிலிருந்தும் தப்பிய ஒரு தலைமுறை, இப்போது இந்நோயின் வயதுக்குள் காலடி வைத்திருக்கின்றது என்பதை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இன்னுமொரு சிக்கலும் இங்குண்டு. "உங்கள் குடும்பத்தில் எவருக்காவது குடலில் புற்றுநோய் இருந்ததா?" என்பது வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்றாகும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருப்பின், ஒருவருக்கு அது ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். அத்தகையோர் 40 வயதிலேயே, அல்லது அந்த உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதிலும் பத்து ஆண்டுகள் முன்னதாகவே பரிசோதனையை ஆரம்பிக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல்.

ஆனால், வன்னியில் இக்கேள்விக்கு விடையளிப்பது எளிதன்று. இடப்பெயர்வுக் காலத்தில் "வயிற்று வருத்தத்தால்" மறைந்த தந்தைக்கு உண்மையில் என்ன நோய் இருந்தது என்பதை அறிந்த வைத்தியர் இல்லை, நோய்க்குறிப்பேடுகளும் இல்லை. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம் முதலான இடங்களில் நெடுங்காலம் வாழ்ந்து, பின்னர் மீளத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் நிலையும் இதுவேயாகும். ஒரே குடும்பத்தின் மருத்துவ வரலாறு மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றது.

எனவே, "எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லை" என்று சொல்வதற்கு முன்னர், அது உண்மையில் "எங்களுக்குத் தெரியாது" என்பதுதானா எனச் சிந்திக்க வேண்டும். மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே, யார் யார் எந்த வயதில் எவ்வகை வருத்தத்தால் மறைந்தனர் எனக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவியாகும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மலத்துடன் இரத்தம் போதல், மூன்று வாரங்களுக்கு மேலாக மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம், வயிற்றோட்டமும் மலச்சிக்கலும் மாறி மாறி வருதல், கழித்த பின்னரும் முழுமையாகக் கழியாதது போன்ற உணர்வு, காரணமின்றி உடல் மெலிதல், வயிற்றில் கட்டி தென்படுதல் ஆகியன முக்கியமானவை. வலப்பக்கப் பெருங்குடலில் தோன்றும் புற்றுநோயில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போகாதிருக்கலாம். களைப்பு, மூச்சுவாங்குதல், இரத்தச்சோகை என்பன மாத்திரமே வெளித்தெரியும். ஆண்களிலும், மாதவிடாய் நின்ற பெண்களிலும் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை காணப்பட்டால், இரும்புச்சத்து மாத்திரையுடன் விட்டுவிடாமல் அதன் காரணத்தைத் தேட வேண்டும்.

மூலவியாதியிலும் இரத்தம் போகும் என்பது உண்மையே. ஆனால், மூலவியாதி உள்ள ஒருவருக்குப் புற்றுநோய் வராது என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். எது எதுவென்பதை வைத்தியர் பரிசோதித்தே கூற முடியும். மலவாசலினூடாக விரலைச் செலுத்திச் செய்யும் ஒரு நிமிடப் பரிசோதனையிலேயே சில மலக்குடல் கட்டிகள் அகப்பட்டுவிடுகின்றன. அந்த ஒரு நிமிடத்துக்கு அஞ்சி, கடையில் வாங்கிய களிம்புடனும் நாட்டு மருந்துடனும் ஆண்டுகளைக் கழிப்பது விவேகமன்று.

அறிகுறி எதுவும் இல்லாதோருக்கு முதற்கட்டமாக, மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் எளிய பரிசோதனை உண்டு. அதன் முடிவு சந்தேகத்துக்கிடமாக அமைந்தால் கொலனொஸ்கொபி அவசியமாகும். ஆனால், மேற்கூறிய அறிகுறிகள் இருப்பின், மலப் பரிசோதனையில் இரத்தம் இல்லை என்று வந்தாலும் அதனை மாத்திரம் நம்பி நின்றுவிடக் கூடாது.

கொலனொஸ்கொபி என்றால் என்ன?

விரலளவு தடிப்புள்ள, வளைந்து கொடுக்கும் குழாய் ஒன்றின் நுனியில் சிறு கமராவும் விளக்கும் பொருத்தப்பட்டிருக்கும். அதனை மலவாசலினூடாகச் செலுத்தி, பெருங்குடல் முழுவதையும் திரையில் பார்ப்பதே இப்பரிசோதனை. நோயாளர் இடப்பக்கம் சரிந்து படுத்திருப்பார். உறக்கநிலையை ஏற்படுத்தும் ஊசிமருந்து ஏற்றப்படுவதால், பலருக்கு நடந்தது முழுமையாக நினைவிலிருப்பதில்லை. குடலை விரியச் செய்யக் காற்றோ காபனீரொட்சைட்டோ செலுத்தப்படுவதால் வயிறு ஊதியது போன்ற உணர்வும் சிறு பிடிப்பும் ஏற்படலாம். பொதுவாக அரை மணித்தியாலம் முதல் முக்கால் மணித்தியாலத்துக்குள் பரிசோதனை முடிந்துவிடும்.

பொலிப் காணப்பட்டால், குழாயினூடாகவே மெல்லிய கம்பித் தடமொன்றைச் செலுத்தி அதனை அப்போதே அகற்றிவிடலாம். இதற்காக வயிற்றைக் கீற வேண்டியதில்லை. இவ்வாறு பொலிப்பை அகற்றும் முறை 1969 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் வைத்தியர்களான வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகியோரால் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் இத்தகைய முளைகளுக்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. குடற்சுவரில் துளை ஏற்படுதல், இரத்தம் கசிதல் ஆகிய ஆபத்துகள் முற்றாக இல்லையென்று கூற முடியாது. எனினும், சாதாரண பரிசோதனையில் துளை ஏற்படுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவானோரிடமே நிகழ்கின்றது.

ஆயத்தமாகும் முறை

பரிசோதனையிலும் பார்க்க அதற்கான ஆயத்தமே சிரமமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குடல் சுத்தமாக இல்லாவிடின் சிறு பொலிப்புகள் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே, இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரிருந்தே கீரை, குரக்கன், தவிட்டரிசி, விதையுள்ள பழங்கள் ஆகியவற்றைத் தவிர்த்து, வெள்ளைச் சோறு, வெள்ளை மா இடியப்பம், மீன், முட்டை போன்றவற்றை உண்ணலாம். முதல்நாளில் வடித்த கஞ்சித்தண்ணீர், இளநீர், வெறுந்தேநீர், வடித்த சூப் போன்ற நீராகாரங்களே பொருந்தும். சிவப்பு நிறப் பானங்கள் இரத்தம் போன்று தோன்றும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பின்னர், தரப்படும் பேதி மருந்தை நிறைய நீருடன், சொல்லப்பட்ட நேரத்தில், முழுமையாகக் குடிக்க வேண்டும்.

நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ பாவிப்போரும், அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைப் பாவிப்போரும் அதனை முற்கூட்டியே வைத்தியரிடம் கூறி அறிவுறுத்தல் பெற வேண்டும். தாமாக எதனையும் நிறுத்தலாகாது. சிறுநீரக நோயுள்ளோர் அதனை அவசியம் தெரிவிக்க வேண்டும். சில வகைப் பேதி மருந்துகள் அவர்களுக்குத் தீங்கானவை. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்னர் நிறுத்தும்படி கூறுவது வழக்கம்.

பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரம். பேதி மருந்து குடித்துவிட்டு ஆனையிறவைக் கடந்து பஸ்ஸில் பயணிப்பது முதியவருக்கு இயலாத காரியம். ஆகவே, தூர இடத்திலிருந்து வருவதை முன்பே கூறி, முதல்நாளே விடுதியில் அனுமதிக்க முடியுமா எனக் கேட்பதில் தவறில்லை. துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். ஊசிமருந்தின் தாக்கம் இருப்பதால் 24 மணித்தியாலங்களுக்கு மோட்டார் சைக்கிளோ உழவு இயந்திரமோ ஓட்டக் கூடாது.

கூச்சமும் சமயமும்

எமது பெண்கள் இப்பரிசோதனைக்கு முன்வராமைக்கு வெட்கமே பிரதான காரணம் எனலாம். பரிசோதனையின்போது உடலை மூடும் அங்கி வழங்கப்படும். தேவையான சிறு பகுதி மாத்திரமே திறந்திருக்கும். பெண் தாதி ஒருவர் அருகில் இருக்க வேண்டும் எனக் கேட்பதற்கு எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. பெண் வைத்தியர் இருப்பின் அவரை நாடலாம். அவ்வாறு ஒருவர் இல்லாதவிடத்து, சிகிச்சையின் தேவை கருதி ஆண் வைத்தியரிடம் காட்டுவதை இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர் என்பதையும் இங்கு குறிப்பிடுதல் பொருத்தமானது.

ரமழான் மாதத்தில் திகதி கிடைத்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் எழுகின்றது. அறிகுறி ஏதுமற்ற வழமையான பரிசோதனையாயின் நோன்புக்குப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். இரத்தப்போக்கு, உடல் மெலிதல் போன்ற அறிகுறிகள் இருப்பின் ஒத்திவைக்கலாகாது. நோயாளிக்குரிய சலுகையின்படி விடுபட்ட நோன்பைப் பின்னர் கழாச் செய்யலாம். இவ்வாறே, கோயில் திருவிழா முடியட்டும், பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடியட்டும், மகளின் கலியாணம் முடியட்டும் என்று நாளைக் கடத்துவதும் ஆபத்தானது. வயல் அடுத்த போகத்துக்கும் காத்திருக்கும், கட்டி காத்திருப்பதில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வயிற்றில் பை பொருத்திவிடுவார்களோ என்ற அச்சமும் பலரைத் தடுக்கின்றது. எல்லா நோயாளருக்கும் பை தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோரிலும் பலருக்கு அது சில மாதங்களுக்கானதே. நிரந்தரமாகப் பை பொருத்தப்பட்டோரும் வேலை செய்கின்றனர்; தொழுகையிலும் வழிபாட்டிலும் ஈடுபடுகின்றனர். நோயை நேரகாலத்துடன் கண்டறிவதே இந்நிலையைத் தவிர்ப்பதற்கான சிறந்த வழி.

செய்ய வேண்டியவை

அறிகுறி உள்ளவர்கள் முதலில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கை நாடலாம். அங்கிருந்து அவசியமான இடத்துக்கு வழிப்படுத்தப்படுவர். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. புற்றுநோய் உறுதியானால், முன்னர் போன்று எல்லோரும் மஹரகமவுக்கே ஓட வேண்டிய நிலை இப்போதில்லை. தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் இயங்கி வருகின்றது. 2011 ஆம் ஆண்டில் தெற்கே தெவிநுவரயிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடைபெற்ற நடைபவனியின் மூலம் திரட்டப்பட்ட நிதியே அதன் உருவாக்கத்துக்குப் பெரிதும் உதவியது. இன, மத வேறுபாடின்றி மக்கள் தந்த பணத்தில் எழுந்த அந்நிலையத்தை நாம் தாமதமாகச் சென்றடைந்தால், அதன் பயன் குறைந்துவிடும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இங்கு ஒரு கடமை இருக்கின்றது. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வீட்டுக்கே வருகின்றது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் அதே வயதினருக்கு இத்தகைய பரிசோதனை உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் அண்ணனுக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, பரந்தனில் வாழும் தம்பிக்கு இல்லை. ஆனால், அண்ணனின் பரிசோதனை முடிவு தம்பிக்கும் உரிய செய்தியாகும். அங்கு ஒருவருக்குப் புற்றுநோயோ பெரிய பொலிப்போ கண்டறியப்பட்டால், ஊரிலுள்ளவர்கள் கவலைப்படுவார்கள் என்று மறைக்காமல், எந்த வயதில் என்ன கண்டறியப்பட்டது என்பதைத் தொலைபேசியில் கூற வேண்டும். அனுப்பும் பணத்திலும் பார்க்க அந்த ஒரு தகவல் பெறுமதியானதாக அமையக்கூடும்.

சுகாதாரத் துறையினரிடமும் நாம் ஒன்றை வேண்டி நிற்கின்றோம். மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றின் புற்றுநோய்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்குகளில் பரிசோதனை நடைபெறுகின்றது. அதைப் போன்று, மறைந்த இரத்தத்தைக் கண்டறியும் மலப் பரிசோதனையையும் கிராம மட்டத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர்களும் பாடசாலைகளும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் இது பற்றிக் கூச்சமின்றிப் பேசத் தொடங்க வேண்டும். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் கேட்டி கூரிக், தமது கணவரை 42 வயதில் இந்நோய்க்குப் பறிகொடுத்த பின்னர், தமக்கு நடந்த கொலனொஸ்கொபியைத் தொலைக்காட்சியில் காண்பித்தார். அதனையடுத்து அந்நாட்டில் இப்பரிசோதனைக்கு முன்வந்தோரின் தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கால் அதிகரித்ததாக ஆய்வொன்று காட்டியது. ஒருவர் வாய் திறந்ததால் விளைந்த நன்மை அது.

புகைத்தலையும் மதுவையும் கைவிடல், மரக்கறி, பழம், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றை நாளாந்த உணவில் சேர்த்தல், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவற்றை அளவோடு உண்ணல், தொத்திறைச்சி போன்ற பதப்படுத்திய இறைச்சிகளைத் தவிர்த்தல், உடலுழைப்பு என்பன இந்நோய்க்கான வாய்ப்பைக் குறைக்கும். எனினும், இவை அனைத்தையும் கடைப்பிடிப்போருக்கும் நோய் வரலாம். ஆதலால் பரிசோதனைக்கு மாற்றீடு எதுவுமில்லை.

இந்நோய் எமக்குப் பத்து ஆண்டுகள் அவகாசம் தருகின்றது. அந்த அவகாசத்தைக் கூச்சத்துக்கும் ஊகத்துக்கும் பலிகொடுக்காமல், இரத்தத்தைக் கண்ட முதல் வாரத்திலேயே வீட்டிலுள்ள ஒருவரிடமும் வைத்தியரிடமும் சொல்லிவிடுவதே நாம் செய்யக்கூடிய முதலாவது சிகிச்சையாகும்.